கடைசிக் காரின் நான்கு கதவுகள்

மூன்று கதவு முடிந்தது. இன்னும் ஒன்று.

அவள் பின்கதவைப் பாதி திறந்து உள்ளங்கையால் தள்ளினாள்.

டப்.

பிசிறில்லாத சத்தம். ஓ.கே. என்று ஸ்டிக்கர் ஒட்டினாள்.

இன்ஜின் இரைச்சலே இல்லாத பேட்டரிக் கார். வசதியுள்ளவர்கள் வாங்குகிற பெரிய மாடல். ஷோரூமுக்கு வருகிறவர்கள் முதலில் கதவைத்தான் மூடிப் பார்ப்பார்கள். தகர டப்பா மாதிரிக் கேட்டால் வியாபாரம் அவ்வளவுதான். அதற்காகவே ஒரகடத்தில் இருக்கும் இந்தத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக அவளைக் கதவு மூட வைத்திருந்தார்கள்.

இனி அதுவும் இல்லை. அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். இதுதான் கடைசிக் கார்.

திங்கட்கிழமையிலிருந்து இந்த ஷெட்டில் ரோபோ செய்வார்களாம். மற்ற கார் கம்பெனிகளில் நின்று கதவு பார்க்கப்போகிற ரோபோ.

செக்‌ஷனில் பதினாறு பேர். பதினைந்து பேருக்கு இன்றோடு சரி. ரோபோவைப் பழக்க ஒருத்தி மட்டும் போதுமாம்.

அந்த ஒருத்தி அவள்தான்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு இடது காது கேட்காது. சுத்தமாகக் கேட்காது.

இங்கே வருவதற்கு முன்னால் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் ஆறு வருஷம் நின்றதன் பலன். இங்கே யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் காது டெஸ்ட் நடக்கும். ஹெட்போனில் சத்தம் வரும்போது பட்டனை அமுக்க வேண்டும். சத்தத்தைத் தட்டிவிடுகிறவரின் விரல் எதிர்க் கண்ணாடியில் தெரியும். விரல் அசைந்தால் அவள் அமுக்கிவிடுவாள்.

திருட்டுத்தனம்தான். வேறென்ன செய்ய? வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்தி. ஒரு காது கேட்காவிட்டாலும் வெளியே போ என்பது சட்டம். வெளியே போனால் வேறு எந்தக் கம்பெனிக்குள்ளும் விடமாட்டார்கள். எல்லா இடத்திலும் காது டெஸ்ட் உண்டு.

இத்தனைக்கும் ஒரு மோசமான கதவைக்கூட அவள் தாண்டவிட்டதில்லை. அந்த வலது காது போதும்.

"ஸ்டார்ட் பண்ணலாமா?" என்றான் பார்கவன்.

ரோபோ இன்ஜினியர். ஆறு மாதமாக அவள் வேலை செய்வதை வீடியோ எடுத்தவன். அவள் கை தூக்கினால் எவ்வளவு தூக்குகிறாள் என்பதுவரை அளந்தவன். இத்தனை நாள் ரோபோவின் கைகளுக்கு மட்டும்தான் பயிற்சி. தலையை நேற்றுதான் பொருத்தி, அதே வீடியோக்களை வைத்துப் பழக்கினார்கள். தலையின் இரண்டு பக்கமும் மைக்.

சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்திருந்த மாதிரி ரோபோ முதல் கதவிடம் போனது. திறந்தது.

தள்ளுவதற்கு முன்னால் முகத்தை இடது பக்கம் திருப்பி, வலது பக்கத்தைக் கதவுக்குக் காட்டிக் கொஞ்சம் குனிந்தது.

டப்.

"அய்யோ, பாக்கியக்கா மாதிரியே பண்ணுது பாருங்கடி!"

அவளோடு வேலை பார்க்கும் ரெஜினா கத்தினாள். எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். வேலை போகிற நாளிலும் அப்படி ஒரு சிரிப்பு.

அவளும் சிரித்தாள்.

தான் இப்படித் திரும்புவது அவளுக்கே தெரியாது.

இரண்டாவது கதவு. முகம் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் குனிந்தது.

சனியனே, நேரா நில்லேன்.

ரோபோ காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. அங்கேயாவது மாறும் என்று நினைத்தாள். மூன்றாவது கதவு. மாறவில்லை.

நான்காவது. மாறவில்லை.

எல்லாக் கதவும் ஓ.கே. என்றது திரை. கைதட்டினார்கள்.

பார்கவன் கைதட்டவில்லை. ரோபோவின் இடது மைக்கைப் பார்த்தான். லேப்டாப்பைத் திறந்து எதையோ ஓடவிட்டான்.

அவள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய வீடியோ. தை மாதம் எடுத்தது. திரும்பினாள், குனிந்தாள். அடுத்தது மாசியில் எடுத்தது. திரும்பினாள், குனிந்தாள். பங்குனியிலும் அதேதான்.

போச்சு. எல்லாம் போச்சு.

அவள் காரின் மேல் கை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். இப்போதே சொல்லிவிடலாமா? காலில் விழலாமா? இந்த வயசில் அவன் காலிலா? விழுந்தால்தான் என்ன?

ரெஜினா தோளைத் தொட்டு உலுக்கினாள்.

"அக்கா, சார் எவ்ளோ நேரமா கூப்புடுறாரு!"

திரும்பினாள். இடது பக்கத்தில், ஒரு கை தூரத்தில், பார்கவன் நின்றிருந்தான். எப்போது வந்தானோ. எத்தனை தரம் கூப்பிட்டானோ.

அவன் அவளுடைய இடது காதைப் பார்த்தான். அவள் முந்தானை இருக்கிற ஞாபகத்தில் தோளைத் தடவினாள். சீருடைக் காலர்தான் கையில் பட்டது.

அவன் நகர்ந்தான். மேனேஜரின் கண்ணாடி அறை அந்தத் திசையில்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தலையைத் திருப்புறதுக்கு ரிப்போர்ட்ல காரணம் கேப்பாங்கக்கா."

பக்கத்திலேயே குரல். நிதானமாக, தாழ்ந்து வந்தது.

"அப்படித் திரும்பினாதான் கதவுச் சத்தம் நல்லா புடிபடும், அது உங்க தொழில் பழக்கம்னு எழுதிடட்டுமா?"

ஒரு வார்த்தை தவறாமல் அவளுக்குக் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். காரை முழுசாகச் சுற்றிக்கொண்டு வந்து, அவன் அவளுடைய வலது பக்கத்தில் நின்றிருந்தான்.