மங்கிய பொத்தான்

"மங்கின பொத்தானுக்கு, மவுஸ் வந்து நிக்கிறதே தெரியாதும்மா. அதான் ஒண்ணும் சொல்லாது," என்றார் கம்ப்யூட்டர்க்காரர்.

அவளுடைய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் பின்னால் நின்றாள். ஆஸ்பத்திரியில் குணமானவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் கவுண்டர் அது.

திரையிலிருந்த மற்ற பொத்தான்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள். மவுஸை மேலே வைத்தால் போதும், ஒரு மஞ்சள் துண்டு எட்டிப் பார்த்து விவரம் சொல்லிவிடும். 'டிஸ்சார்ஜ்' பொத்தான் மட்டும் மங்கிவிட்டால், தலைகீழாக நின்றாலும் காரணம் சொல்லாது. அதற்கும் ஒரு மஞ்சள் துண்டு வேண்டுமென்று ஆபீசையே நச்சரித்து இந்த மனிதரை வரவழைத்தவள் அவள்தான்.

ஏன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். கவுண்டர் கண்ணாடி முழுக்க நோட்டீஸ் ஒட்டிவைத்தால் முகம் எங்கே தெரியும்? கீழே அரைவட்ட ஓட்டையில் ஓர் ஆணின் கைகள்தான் தெரிந்தன. கைகளில் ஒரு பை. பையின் வாயில் நீல வார் வைத்த புத்தம் புதிய பெண்கள் செருப்பு தெரிந்தது.

வீல்சேர் வேண்டாம், நடந்தே வருவேன் என்று மனைவி அடம்பிடிக்கிறாளாம். பெருமை பிடிபடவில்லை மனிதருக்கு.

பொத்தான் மங்கியிருந்தது. அவள் மவுஸை வைத்து வைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார். உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டும் இருந்தார். மாடியிலிருந்து வார்டு ஆள் ஓடிவந்து விஷயத்தைச் சொல்லும்வரை அந்தப் பாட்டு நிற்கவில்லை.

அவளுக்கு இன்னும் நின்றபாடில்லை. பொத்தான் மங்கும்போதெல்லாம் ஓட்டைக்கு அப்பால் யாரோ பாடுகிறார்கள். குனிந்து பார்த்தால் காலி நாற்காலிகள்தான் இருக்கும்.

பையை அவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். அது அவளுடைய கீழ் டிராயரில் கிடக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, திறந்து பார்க்கவும் தைரியம் வரவில்லை.

கம்ப்யூட்டர்க்காரர் பொத்தானுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டத்தைப் பொருத்தி, மஞ்சள் துண்டை அதில் மாட்டினார். காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். 'டாக்டர் கையெழுத்து வரவில்லை.' 'ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை.' கடைசிக் காரணத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன.

"இறந்துட்டாங்கன்னு போட்டுடுங்க சார்," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் எதையோ தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். பிறகு எழுந்து, சோதித்துப் பார்த்து வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தரும்படி சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் உட்கார்ந்தாள். சோதனைக்காக வைத்திருந்த பொய் நோயாளியைத் திரையில் சாகடித்தாள். பொத்தான் மங்கியது. மவுஸை அதன்மேல் வைத்தாள்.

மஞ்சள் துண்டு எழும்பியது.

'சிஸ்டம் ஸ்லோ இல்லை. உட்காரச் சொல்லாதீர்கள். எழுந்து, சுற்றிப் போய், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.'

'சிஸ்டம் ஸ்லோ' என்று அன்று அவள் சொன்னதைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான்.

சீட்டுக்காக ஓட்டையில் இரண்டு கைகள் காத்திருந்தன. அன்று முகம் தெரியவில்லை, குரலும் கண்ணாடி வழியே அடங்கித்தான் கேட்டது; அதனால்தான் இவ்வளவு நேரமும் ஆளை அடையாளம் தெரியவில்லை. ஆனால் இந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். பாட்டு மட்டும் இல்லை.

கீழ் டிராயரை இழுத்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்து, சுற்றிப் போய், அவர் பக்கத்தில் நின்றாள்.

என்ன சொல்வது என்பது அந்த மஞ்சள் துண்டில் இல்லை.