கொஞ்சம் ரசித்து நட

“பஸ்ஸைப் பிடிக்கப் போறவ மாதிரி ஓடாதே. உலாவ வந்திருக்கோம். கொஞ்சம் ரசிச்சு நட.”

பின்னாலிருந்து யெர்னெய் சொன்னதும் நெஷ்கா நடையைத் தளர்த்தினாள். எரிச்சலாக வந்தது. கணுக்கால் புதையும் பனி. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள் பாரம் தாங்காமல் கிளைகளைத் தொங்கவிட்டு நின்றன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே பள்ளத்தாக்கில் மர அறுவை ஆலையும் ஓய்ந்து கிடந்தது. காட்டில் ஒரு சத்தமில்லை. அந்த அமைதிதான் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

“மணி என்ன?”

“இப்பதானே கேட்டே? ஒண்ணரை.”

“மூணு மணிக்குள்ள போயிடலாம்னு சொன்னீங்க.”

“போயிடலாம். அதோ பாரு, அணில். வாலு என்ன சிவப்பு பாரு.”

பார்த்தாள். அணில் தெரியவில்லை. ஒரு மரத்துக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. நின்றுவிட்டாள்.

“வெறும் கிளை,” என்றான் அவன். “கையைக் குடு.”

“வேண்டாம்.”

“குடுன்னா குடு.”

கொடுத்தாள். மரம் அறுத்துக் காய்த்துப்போன கை. அதைப் பிடித்துக்கொண்டு நடக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உதறிவிடவும் முடியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேலிருந்த பனியைத் தட்டிவிட்டு அவன் உட்கார்ந்தான். பையைத் திறந்து, அக்ரூட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை எடுத்தான்.

“இப்பத் தின்னே ஆகணுமா?”

“காட்டுக்கு உலாவ வந்துட்டுத் திங்காம போறவங்க உண்டா? உட்காரு.”

உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கையிலேயே வைத்திருந்தாள். மூன்று வருஷமாக இந்த ஒரு நாளுக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். வந்த பிறகு, எப்போது முடியும் என்று இருந்தது.

“யாரு அங்க?”

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோந்துச் சிப்பாய் ஒருவன் மரங்களுக்கு நடுவே வந்து நின்றான். மீசையெல்லாம் பனி. பேச்சில் தெற்குப் பக்கத்து இழுவை இருந்தது.

“இந்தக் குளிர்ல வீட்டுல அடுப்புப் பக்கத்துல உட்காராம இங்க என்ன பண்றீங்க?”

“இவளைக் கேளுங்க,” என்றான் யெர்னெய், ரொட்டியை மென்றுகொண்டே. “கட்டி ஆறு வருஷம் ஆச்சு, ஒரு நாளாவது வெளிய கூட்டிட்டுப் போனியான்னு தினமும் சண்டை. கூட்டிட்டு வந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா.”

சிப்பாய் அவளையே பார்த்தான். பார்வை அவள் விரலிலிருந்த கல்யாண மோதிரத்தில் வந்து நின்றது.

நெஷ்காவுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

“வெளியன்னா யெசெனீட்சே டவுனுக்குப் போய் சினிமா பார்க்கிறதுன்னு அர்த்தம். மரத்தைத்தான் நான் ஜன்னல் வழியா தினம் பார்க்கிறேனே. அதுக்கு இவ்வளவு தூரம் நடக்கணுமா?”

யெர்னெய் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து மேலே இருந்த கிளை முறிந்து, ஒரு கூடைப் பனி அப்படியே அவன் தலையில் கொட்டியது. ரொட்டி, மூக்கு, காது, எல்லாம் வெள்ளை. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது.

நெஷ்கா சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மரத்திலிருந்து சரிந்து விழும் அளவுக்குச் சிரித்தாள். சிப்பாயும் சிரித்துவிட்டான்.

“நல்லா வேணும் உனக்கு,” என்றான் அவனிடம். ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு, “அடுத்த வாரம் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போ. இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க” என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனான்.

அவன் தலை மறைந்த பிறகும் அவள் சிரிப்பு நிற்கவில்லை. அழுகையாக மாறிவிடும்போல இருந்தது.

“போதும், எழுந்திரு,” என்றான் யெர்னெய் மெதுவாக.

அதற்குப் பிறகு அவள் மணி கேட்கவில்லை. மேகம் விலகி, பனியின் மேல் மரங்களின் நிழல் நீல நிறத்தில் நீண்டு கிடந்தது. ஏதோ ஒரு பறவை ‘டக், டக்’ என்று மரத்தைக் கொத்தியது. இவ்வளவு நேரமும் இதையெல்லாம் பார்க்காமலா வந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

காடு சட்டென்று முடிந்தது. சரிவுக்குக் கீழே ஓர் ஊர், கூரைகளில் புகை. எதிரே முழங்கால் உயரக் கல் ஒன்று பனியில் பாதி புதைந்து நின்றது. யெர்னெய் அவள் கையை விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

“நம்ம நாடு இதோட முடிஞ்சுதுங்க. கல்லுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியா. நேரா இறங்குங்க, மாதா கோவில் வாசல்ல உங்க வீட்டுக்காரர் நிப்பார். வழியெல்லாம் நீ, வா, போன்னு பேசினதை மனசுல வச்சுக்காதீங்க.”

“என் பேரு...” என்று ஆரம்பித்தாள்.

“சொல்லாதீங்க. தெரியாம இருக்கிறதுதான் எனக்கு நல்லது. நான் போடக் குடுத்த அந்த மோதிரத்தை மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த மாசம் வர்ற பொண்டாட்டிக்கு வேணும்.”