குழியைப் பார்க்காத கோடு

பந்து மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. அப்துல் ஹமீது அதைக் குழிக்கு நேராகத்தான் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், பந்தின் மேலிருந்த சிவப்புக் கோடு குழியை விட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹமீது இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறவர். ரத்தம், பிணம் எதற்கும் அசராத மனுஷன். அவரே அன்று சுற்றுமுற்றும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் மட்டையை எடுத்தார். கோட்டைச் சரிசெய்துவிட்டு அடித்தார். பந்து குழியை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

பந்து அவருடையதல்ல, செத்துப்போன உக்கிரபாண்டியுடையது. உக்கிரபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டிலிருந்த ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். ஹமீதின் உயிர்ச் சிநேகிதர். எண்பத்தாறில் மில் முதலாளி ஊட்டிக்குப் போய் கோல்ஃப் பார்த்துவிட்டு வந்து, கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் புல் வளர்த்தார். அங்கே பதினெட்டுக் குழி. இங்கே இருந்த தண்ணீருக்கு ஒரு குழிதான் கட்டுபடியானது. முதலாளிக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. இந்த இரண்டு பேருக்கும் சலிக்கவில்லை.

பஞ்சு பேலில் நம்பர் போடுகிற சிவப்பு மையைத் தொட்டு, உக்கிரபாண்டி பந்தில் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோடு குழியைப் பார்க்கிற மாதிரி பந்தை வைப்பார். அப்புறம் கோடு காட்டுகிற வழியே தள்ளினால் போதும், பந்து தானாகப் போய் விழுந்துவிடும் என்பது அவர் கட்சி. ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் அப்படிக் கோட்டைச் சரிபார்க்கக் குத்தவைத்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்தும் ஆள் போனபாடில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் புல்வெளிப் பக்கம் அவர் செருமுகிற சத்தத்தைக் கேட்காத வாட்ச்மேன் கிடையாது; கேட்ட பிறகு வேலையில் நீடித்த வாட்ச்மேனும் கிடையாது. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோடாங்கி ஒருவர் உடுக்கடித்துச் சொன்னார். பந்து கிடந்த இடத்திலிருந்தே, கூட ஆடினவர் கையால் அதைக் குழியில் தள்ள வேண்டுமாம். விழுந்தால் ஆத்மா கரையேறிவிடுமாம். கோடாங்கி கோல்ஃபை எங்கே கற்றார் என்று யாரும் கேட்கவில்லை.

ஹமீதுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் சிநேகிதன் இன்னமும் அங்கே குத்தவைத்தபடியே இருக்கிறான் என்று நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அஸர் தொழுததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். உக்கிரபாண்டியின் மனைவி அழகுத்தாய் வேப்பமரத்தடி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஹமீது பந்தில் புதிதாக மைக்கோடு இழுத்துக் குழிக்கு நேராக வைப்பார், குழிவரை நடந்துபோய்க் குனிந்து தரையின் சரிவைப் பார்ப்பார், திரும்பி வருவார். அதற்குள் பந்து மரத்துப் பக்கம் திரும்பியிருக்கும்.

ஒருநாள் அழகுத்தாய் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவள் விரல் நுனி சிவந்திருந்தது. கோயிலுக்குப் போய்க் குங்குமம் தொட்டிருப்பாள் போல என்று நினைத்தபடி ஹமீது குடித்தார். புருஷனைப் பறிகொடுத்தவள் எதற்குக் குங்குமத்தைத் தொடப்போகிறாள் என்பது பாதி டீயில்தான் அவருக்கு உறைத்தது.

பந்துக் கோட்டின் மையா என்று கேட்டதும் அவள் மறைக்கவில்லை.

“விழுந்துட்டா அவிய போயிருவாகல்லாண்ணே,” என்றாள். “இன்னும் செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான்.”

ஹமீதுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் மில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. அவளை மதுரைக்குக் கூட்டிப்போக மகன் வேன் கொண்டுவரப் போகிறான். அதை நினைத்துத்தான் அவர் மெதுவாகக் கேட்டார்.

“நீ மதுரைக்குப் போயிட்டா, அவன் இங்கன யாருக்காகத் தங்கச்சி உக்காந்திருப்பான்? தன்னந்தனியா?”

அவள் வெகுநேரம் அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் பந்தைத் தொடமாட்டேன் என்று ஒத்துக்கொண்டாள்.

வேன் வருகிற நாளும் வந்தது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஏறியாகிவிட்டது. மகன் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். தோட்டக்காரன் அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தான். அழகுத்தாய் வழக்கம்போல் பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹமீது புதிதாகக் கோடு இழுத்து, மை காயும்வரை ஊதிவிட்டு, பந்தைக் குழிக்கு நேராக வைத்தார். பிஸ்மி சொல்லிக்கொண்டே குழிவரை நடந்தார், சரிவைப் பார்த்தார், திரும்பினார். சொதசொதத்த புல்லில் அவர் போன தடமும் வந்த தடமும் மட்டும் பதிந்து கிடந்தன. கோடு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹமீது அழகுத்தாயைத் திரும்பிப் பார்த்தார். பொம்பளை மனசு கேட்கவில்லை, பாவம் என்று தோன்றியது. அன்று அவர் கோட்டைத் திருத்தவில்லை. அது காட்டிய பக்கமே அடித்தார். பந்து நிதானமாக உருண்டு போய், அழகுத்தாயின் காலடியில் வந்து நின்றது.

“சரி தங்கச்சி, மனசு வரலைன்னா விட்டுரு. நீ திருப்பி வச்சபடியே அடிச்சிட்டேன்,” என்றார்.

அழகுத்தாய் குனிந்து பந்தை எடுத்தாள். ஈரத்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் எந்திரிக்கவே இல்லையேண்ணே.”