வன்னியபெருமாளின் ரிசல்ட்

முடிவைச் சொல்லும் முன்பே வன்னியபெருமாள் ரேஷன் கார்டு நகலையும் இரண்டு போட்டோக்களையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இதெல்லாம் இப்போ எதுக்கு?" என்றாள் அஜிதா.

"எப்படியும் கேப்பாவல்லா, மேடம். அதான் கையோட கொண்டாந்துட்டேன்."

அஜிதாவுக்கு மனம் கனத்தது. மலையாளம் கலந்து தமிழ் பேசும் பாறசாலைக்காரியான அவள் திருவனந்தபுரத்தின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், எய்ட்ஸ் பரிசோதனைப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறாள். வராந்தாவின் கடைசியில் அந்த நோயாளிகளுக்கான மருந்து அறையைப் போன வருஷம்தான் திறந்திருந்தார்கள். அங்கே பதிவதற்குத்தான் ரேஷன் கார்டும் போட்டோவும் வேண்டும்.

உறையைப் பிரிப்பதற்குள் அழுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். நோய் உறுதி என்று தானே முடிவுகட்டி, பதிவுக் காகிதங்களோடு வந்து உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான்.

போன வாரம் ரத்தம் கொடுக்க வந்தபோதும் மனுஷன் இப்படித்தான் இருந்தார். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர், சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கேட்டதற்கெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததுபோலப் பதில் சொன்னார்.

"வெளியில பெண்கள் சகவாசம் ஏதாவது?"

"உண்டு, மேடம். நெறய உண்டு."

இந்தக் கேள்வி வந்தால் ஆண்கள் சுவரைப் பார்ப்பார்கள். இவர் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"வேற சுகக்கேடு?"

"ஈரல்ல பி கிருமி இருக்காம். ஹெபடைட்டிஸ்னு சீட்டுல எழுதியிருக்கு."

"மருந்து சாப்பிடுறீங்கதானே?"

"சாப்பிட்டேன். நாலு மாசமா இல்ல."

அஜிதா எழுதிக்கொண்டாள். அடுத்த ஆள் வாசலில் நின்றதால் அதற்குமேல் கேட்கவில்லை.

இன்று அவர் மனைவி வடிவம்மாளும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேராக இங்கே வந்தாளாம். கட்டினவன் ஊர் மேய்ந்துவிட்டு வந்ததற்கு இவள் தேங்காய் உடைக்க வேண்டியிருக்கிறதே என்று அஜிதாவுக்கு எரிச்சலாக வந்தது.

உறையைப் பிரித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். அவளுக்கே மூச்சு வந்தது.

"பேடிக்க வேண்டாம், கேட்டோ. உங்களுக்கு அந்த நோய் இல்ல."

வன்னியபெருமாள் மேஜைமேல் இருந்த போட்டோக்களைப் பார்த்தார்.

"இல்லயா?"

"இல்ல. நெகட்டிவ்."

"வேற ஆளு ரத்தத்தோட மாறிப் போயிருக்குமோ, மேடம்?"

அஜிதா சிரித்துவிட்டாள். நோய் உண்டு என்று சொன்னால்தான் இப்படிக் கேட்பார்கள்.

"மாறல. ஆனா இப்போதான் ஒடம்புல புகுந்ததுன்னா தெரியறதுக்கு மூணு மாசம் ஆகும். அப்போ இன்னும் ஒருக்கா கூடி பாத்துக்கலாம்."

"மூணு மாசத்துல வந்துருமா?"

பயத்தில் கேட்கிறார் என்றுதான் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் அந்த முகத்தில் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நிற்கிறவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

இவரிடம் பேசிப் பயனில்லை என்று, அவர் சம்மதத்தோடு வடிவம்மாளை உள்ளே கூப்பிட்டாள். நல்ல சேதியைக் கேட்டு அவளாவது சிரிக்கட்டும்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. சந்தோஷமாப் போங்க."

வடிவம்மாள் புருஷனைப் பார்த்தாள். "இல்லேன்னுட்டாவளா?"

அவர் தலையசைத்தார். அவள் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

அஜிதாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எந்தா இது? எத்தன பேரு இந்த ஒரு வார்த்தைக்காக இங்க தவங்கிடக்குறாங்க! நீங்க என்னடான்னா ரெண்டு பேரும் இழவு வீட்டுல இருக்குற மாதிரி இருக்கீங்க."

வடிவம்மாள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, காலியான மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ஈரலுக்கு எழுதுன மாத்திர, மேடம். தெனம் ஒண்ணு, வருசக்கணக்கா திங்கணுமாம். மூட்டை தூக்குனாத்தான் இத வாங்க முடியும். இதத் தின்னாத்தான் மூட்டை தூக்க முடியும்."

அஜிதா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். லாமிவுடின் என்று இருந்தது. வராந்தாவின் கடைசி அறையில் கொடுக்கிற மாத்திரை அட்டையிலும் தினமும் அவள் பார்க்கிற பெயர்தான்.

அவள் குரல் இறங்கிப்போனது. "அப்போ அன்னைக்கு, பெண்கள் சகவாசம் உண்டுன்னு சொன்னது?"

"அது பொய், மேடம். அப்படிச் சொன்னாத்தான் ரத்தம் எடுப்பாவன்னு நெனச்சேன்."

"அப்போ அந்த நோய் வர வழியே இல்லியே, பின்ன எதுக்கு வந்தீங்க?"

வன்னியபெருமாள் தலை நிமிராமலே சொன்னார்:

"அந்த நோய் இருந்தாத்தான் இங்க இதச் சும்மா குடுக்காவளாம்."