மாதிரிப் பொய்

பல்கேரியாவின் சோஃபியாவில் என் அறைக்கு ஒரே ஜன்னல். பிற்பகல் வெயில் அதன் வழியே நுழைந்து, மேசையில் கழற்றி வைத்த கல்யாண மோதிரத்தின் மேல் மட்டும் விழுகிறது. நகைக்கடையில் லாக்கர் சாவிக்குப் பொறுப்பேற்கும் வேலைக்கு விண்ணப்பித்து, அதற்கான சோதனைக்கு வந்திருக்கும் ரதோஸ்வேதா, அதை இடக்கையிலிருந்து கழற்றினார். எங்கள் ஊரில் கணவர் இறந்த பிறகுதான் மோதிரம் வலக்கையை விட்டு இடக்கைக்குப் போகும். அந்த விரலில் இப்போது என் பொய் கண்டறியும் கருவியின் வார். பொய் சொன்னால் விரல்நுனி வியர்க்கும், திரையில் கோடு துள்ளும். "முதல்ல வேணும்னே ஒரு பொய் சொல்லுங்கம்மா. உங்க பொய் எப்படி இருக்கும்னு இதுக்குத் தெரியணும். வீட்டுல உங்க கணவர் இருக்காரான்னு கேப்பேன், இருக்கார்னு சொல்லுங்க." அவர் சிரிக்கிறார். "எங்க வீட்டுல பொய் சொல்றது அவர் வேலை தம்பி." கேட்கிறேன். "இருக்கார்." கோடு அசையவில்லை. மறுபடி கேட்கிறேன். "இருக்கார்." மூச்சுகூடச் சீராக இருக்கிறது. தெருவில் டிராம் போகிறது. ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, கோடு நடுங்கவில்லை. பொய் பதியாவிட்டால் சோதனை செல்லாது, வேலையும் கிடைக்காது. "சரிம்மா, உண்மையையே சொல்லுங்க. இருக்காரா?" அவர் மோதிரத்தைப் பார்க்கிறார். மூச்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது. "இல்ல." கோடு திரையின் மேல்விளிம்புவரை எகிறுகிறது. அவரும் அதைப் பார்த்துவிடுகிறார். "பொய் கிடைச்சிடுச்சா, தம்பி?"