எரியாத வட்டம்

பெருந்தீ வராமலிருக்க நேற்று அளவாக எரித்த புதர்க்காட்டில் வனக்காவலர் தனியாக நிற்கிறார். கவுதாரி அடைகாத்த புதரைச் சுற்றி அவர் தண்ணீர் தெளித்துக் காத்த சிறு வட்டம் மட்டும் பச்சையாக இருக்கிறது. காலையில் குஞ்சுகள் பொரித்துவிட்டன. சுற்றிலும் வெயில் ஏறிய சாம்பல்; கொத்தித் தின்ன ஒரு எறும்புகூட இல்லை. இடுப்பில் வாக்கிடாக்கி கரகரக்கிறது. “என்னண்ணே, பேரப்பிள்ளைங்க சௌக்கியமா?” என்று சிரிக்கிறான் ஜீப் ஓட்டுநர். “வீட்டைக் காப்பாத்திட்டு சோத்தை எரிச்சுட்டேன்டா தம்பி.” கருகிய கறையான் புற்றொன்றை அவர் மண்வெட்டியால் பிளக்கிறார். உள்ளே ஈர மண்ணில் கறையான்கள் வெள்ளையாக நெளிகின்றன. “ஆண்டவனே, இதுங்க பாவமும் எனக்கே” என்று முணுமுணுக்கிறார். ஆள் நின்றால் தாய் வெளியே வராது. திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். முதுகுக்குப் பின்னால், மெல்லிய குரலில், தாய் குஞ்சுகளைக் கூப்பிடுகிறது.