லேபிளில் ஒரு பேர்

“இந்தக் கழுத்துக் கம்பளி லேபிள்ல, பின்னினவங்க பேரு வரணும் மேடம்.”

ஆறு மாதமாக அங்கே அலுவலக வேலை பார்க்கும் அந்தப் பெண்ணிடம், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று வீட்டில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

முதலாளியம்மா கம்பளியைப் புரட்டிப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு பறவை. நிறம் மாறும் இடங்களில் உள்பக்கம் ஓடிய நூல் எங்கும் தொங்கவில்லை, எங்கும் சுருக்கி இழுக்கவில்லை.

“வேலை சுத்தம்தான். படிச்ச பொண்ணு, உன் பேரைப் போட்டா நமக்கும் கௌரவம். போட்டுக்கோ.”

“எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. பின்கூடத்துல பின்னறாங்களே, அவங்க பேரு.”

“அவளா? கைநாட்டு வைக்கிறவளுக்கு லேபிள்ல பேரு ஒண்ணுதான் கேடு.”

அந்தப் பெண் இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள்.

“இது என் ராஜினாமா. இது அவங்களோடது.”

இரண்டாவது தாளின் அடியில் கைநாட்டு இல்லை. பின்னல் வரைபடத்தில் கட்டங்களுக்குக் கறுப்படிப்பதுபோல, சின்னக் கட்டங்களை நிரப்பி ஒரு பேர் எழுதியிருந்தது.

“எழுத்துன்னா பயப்படுவாங்க, கட்டம்னா தண்ணி பட்ட பாடு. எழுத்தைக் கட்டமாப் போட்டுக் குடுத்தேன். ஒரே வாரம்.”

“உனக்கென்ன அவ மேல இவ்வளவு அக்கறை?”

“எங்கம்மா மேடம். ஆறு மாசமா என் வேலை விண்ணப்பத்துல, தாயார் பேருங்கற இடத்துல அவங்க பேரு இருக்கு. பின்கூடத்துல இருக்கறவங்க பேரு தெரிஞ்சாத்தானே உங்களுக்குப் புரியும்? கேட்டு வாங்காதே, நம்ம லேபிளை நாமே தைச்சுக்கலாம்னாங்க. நான்தான் கேட்டுப் பார்த்தேன்.”

அவள் வெளியே வந்தாள். வாசலில் ஊசிப் பையோடு நின்ற அம்மா, மகள் வரும் வேகத்தைப் பார்த்ததுமே முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.